வியர்வையில் போகும் அயடீனுக்குப் போத்தல் குளிசை தேவையா?

என் தங்கையின் மகனுக்கு வயது இருபத்து மூன்று. பகலில் கல்முனையில் ஒரு கடையில் வேலை. மாலையில் கிட்டங்கிப் பாலம் தாண்டி சொறிக்கல்முனைக்கு வந்து சேர்ந்ததும் உதைபந்தாட்டம். வெள்ளம் வந்து பாதை மூடிய நாட்களைத் தவிர அவன் மைதானத்துக்கு வராத நாள் குறைவு. கடந்த வருடம் அவன் ஒரு சிறிய போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"மாமா, இது அயடீன் குளிசை. விளையாடுற ஆக்களுக்கு வேர்வையில அயடீன் எல்லாம் போயிருமாம். இதப் போட்டா களைப்பே வராதாம். நீங்க சயன்ஸ் படிப்பிச்சவர்தானே, சரியா எண்டு சொல்லுங்க."

"எத்தன நாளாப் போடுறாய் மனே?"

"ஒன்றரை மாசம் இருக்கும்."

ஒன்றரை மாதம் போட்டுவிட்டுத்தான் என்னிடம் கேட்கிறான். ஏன் இப்போது கேட்கிறாய் என்றேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறதாம். கைவிரல்கள் நடுங்குகின்றனவாம். நான்கு கிலோ எடை குறைந்திருந்தது. அதை மட்டும் அவன் மகிழ்ச்சியாகச் சொன்னான்.

நான் வைத்தியன் அல்ல. இருபத்தாறு வருடங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். ஆனால் அந்தப் போத்தலில் இருந்த எண்ணை வாசிக்க வைத்தியம் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒரு குளிசையில் 12.5 மில்லிகிராம் அயடீன் என்று அச்சிட்டிருந்தது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 150 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவன் ஒவ்வொரு நாள் காலையிலும் எண்பத்து மூன்று நாளைக்கு உரிய அயடீனை ஒரே வாயில் விழுங்கிக்கொண்டிருந்தான்.

அன்று மாலையே வைத்தியரிடம் கூட்டிப்போனோம். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "என்ன மருந்து பாவிக்கிறீர்?" என்பதுதான். இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது தெரிந்தது. குளிசையை நிறுத்தச் சொன்னார், விளையாட்டையும் சில வாரம் நிறுத்தச் சொன்னார். மூன்று மாதத்துக்குப் பிறகு செய்த பரிசோதனையில் எல்லாம் சரியாகிவிட்டது. அவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை.

அவனை நான் ஏசவில்லை. ஏனென்றால் அவன் கேட்ட கேள்வியின் முதற்பாதி உண்மை. வியர்வையில் அயடீன் போகத்தான் செய்கிறது. அந்த உண்மையிலிருந்து குளிசைக்குத் தாவியதில்தான் பிழை. ஜிம்முக்குப் போகிற, பந்து விளையாடுகிற, ஓடுகிற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை விளக்கமாக எழுதுகிறேன்.

அயடீன் உடம்பில் என்ன செய்கிறது?

கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் வடிவில் இருப்பது தைரொயிட் சுரப்பி. அது தைரொக்சின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. உடம்பின் ஒவ்வொரு கலமும் எந்த வேகத்தில் சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்று சொல்வது இந்த ஓமோன்தான். இதயத் துடிப்பு, உடல் வெப்பம், தசையின் வலு, பிள்ளைகளின் மூளை வளர்ச்சி எல்லாவற்றிலும் அதன் கை இருக்கிறது. ஒரு தைரொக்சின் மூலக்கூறில் நான்கு அயடீன் அணுக்கள் உள்ளன. அயடீன் இல்லாமல் இந்த ஓமோனைச் செய்ய முடியாது. உடம்பு அயடீனைத் தானாக உண்டாக்கவும் முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

அயடீன் குறைந்தால் சுரப்பி, கிடைப்பதைப் பிடித்துக்கொள்ள முயன்று முயன்று வீங்குகிறது. அதுதான் கழலை. உடம்பு சோரும், குளிர் தாங்காது, எடை கூடும். கர்ப்ப காலத்தில் கடுமையாகக் குறைந்தால் பிறக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

குறைந்தால் களைப்பு வரும் என்பது சரி. ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, கூட எடுத்தால் களைப்பே வராது என்று நினைப்பது பிழை. உந்துருளியின் தாங்கி நிறைந்த பிறகு மேலும் பெற்றோல் ஊற்றினால் உந்துருளி வேகமாக ஓடாது, பெற்றோல் நிலத்தில்தான் வழியும். அயடீனும் அப்படித்தான். தேவைக்கு மேற்பட்டதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். ஆனால் அளவு மிகவும் கூடினால் போவதோடு நிற்காது, சுரப்பியையே குழப்பிவிடும்.

வியர்வைக் கணக்கு

2001இல் வெளியான ஒரு தாய்வான் ஆய்வு இதைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது. ஓர் உயர்பாடசாலையின் உதைபந்தாட்ட அணியைச் சேர்ந்த 13 பேரின் வியர்வையை ஆராய்ந்தார்கள். வெயிலில் ஒரு மணிநேரம் விளையாடும்போது ஒருவரிடமிருந்து சராசரியாக 52 மைக்ரோகிராம் அயடீன் வியர்வையில் வெளியேறியது. அதே பாடசாலையில் விளையாடாத மாணவர்களைவிட இந்த வீரர்களிடம் சிறிய அளவிலான கழலை மிக அதிகமாகக் காணப்பட்டது.

13 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் சொல்லப்பட்ட விடயம் புறந்தள்ளக்கூடியது அல்ல. ஒரு லீற்றர் வியர்வையில் ஏறத்தாழ 35 முதல் 40 மைக்ரோகிராம் அயடீன் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம் பகுதி வெயிலில் ஒன்றரை மணிநேரம் பந்து விளையாடுகிற ஒருவன் இரண்டு லீற்றர் வியர்வை சிந்தினால் எழுபது, எண்பது மைக்ரோகிராம் போகும். அது நாளாந்தத் தேவையின் பாதி.

இங்கே இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வியர்ப்பது விளையாடுகிறவனுக்கு மட்டுமா? கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்கள், வயலில் வரம்பு கட்டுகிறவர்கள், நெல் மூட்டை சுமக்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு பந்தாட்டக்காரனைவிட அதிகமாக வியர்க்கிறார்கள். அவர்களிடம் யாரும் போத்தல் விற்க வருவதில்லை. அவர்களின் அயடீன் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நம் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அது அடுப்படியில் இருக்கிறது.

கடற்கரை ஆட்களுக்குக் குறை வராதா?

"நாம கடல் பக்கத்து ஆக்கள், நமக்கு அயடீன் குறையாது" என்று பலர் சொல்வார்கள். நானும் இளவயதில் அப்படித்தான் நம்பினேன். 1986 அளவில் இலங்கையின் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில் 18.8 வீதமானோருக்குக் கழலை இருந்தது. ஆகக் கூடுதலாக இருந்த மாவட்டம் எது தெரியுமா? மலைநாடு அல்ல, களுத்துறை. அங்கே 30.2 வீதம். களுத்துறை கடலோர மாவட்டம். கடற்காற்று அடிப்பதால் மட்டும் அயடீன் கிடைத்துவிடாது. ஓயாமல் பெய்யும் மழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிக்கொண்டு போகிறது. அந்த மண்ணில் விளையும் நெல்லிலும் மரக்கறியிலும் அது குறைந்துவிடுகிறது.

அடுத்த நம்பிக்கை, உப்பு கடலிலிருந்து வருவதால் அதில் அயடீன் தானாகவே இருக்கும் என்பது. இதற்கும் ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அயடீன் சுமார் 60 மைக்ரோகிராம்தான். ஒரு நாளைக்கு நாம் சாப்பிட வேண்டிய உச்ச அளவான 5 கிராம் உப்பு, ஒரு லீற்றரில் ஏழில் ஒரு பங்கிலிருந்து வருவது. அந்தக் கடல்நீரில் இருந்த அயடீன் முழுவதும் உப்போடு வந்து சேர்ந்தாலும் எட்டு, ஒன்பது மைக்ரோகிராமுக்கு மேல் வராது. உப்பளத்தில் காயும்போது அதிலும் பெரும்பகுதி போய்விடும். ஆகவே வெறும் கடலுப்பில் அயடீன் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜிம் பிள்ளைகள் இப்போது விலைகொடுத்து வாங்கும் இளஞ்சிவப்பு இந்துப்பும் இதே கதைதான்.

இதனால்தான் உப்பில் அயடீனைச் சேர்க்கிறார்கள். சுவிற்சர்லாந்து 1922இலும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1924இலும் இதைத் தொடங்கின. இந்தியாவில் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் ஆரம்பித்த ஆய்வு அயடீன் உப்பின் பலனை நிரூபித்துக் காட்டியது. இலங்கையில் 1995இலிருந்து உணவுக்கு விற்கும் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். 2005இல் திருத்தப்பட்ட ஒழுங்குவிதிப்படி ஒரு கிலோ உப்பில் 15 முதல் 30 மில்லிகிராம் அயடீன் இருக்க வேண்டும்.

இப்போது அதே 5 கிராமைத் திரும்பக் கணக்கிடுங்கள். 75 முதல் 150 மைக்ரோகிராம். சமைக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 60 முதல் 120 வரை மிஞ்சும். இதற்கு மேல் கடல்மீன், முட்டை, பால், தயிர் ஆகியவற்றிலிருந்து வருவது சேரும். சாதாரண ஆளுக்கு இது போதும். வியர்க்க விளையாடுகிறவன் உடம்பு கேட்கிறபடி சோறும் கறியும் கூடுதலாகச் சாப்பிடுகிறான், அதோடு உப்பும் மீனும் கூடுதலாகப் போகிறது. வியர்வையில் இழந்த எழுபது, எண்பது மைக்ரோகிராமைச் சாப்பாடே பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு விடயத்தில் தங்கியிருக்கிறது. வீட்டிலுள்ள உப்பில் உண்மையாகவே அயடீன் இருக்க வேண்டும்.

அடுப்படியில் அயடீனை இழக்கும் வழிகள்

மருமகனின் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் உறவினர் வீடுகள் சிலவற்றில் உப்பை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் மூடியில்லாத சட்டியில் கட்டி உப்பு. இன்னொரு வீட்டில் உப்பை இரண்டு தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கறிக்குப் போடுகிறார்கள், மண் போகட்டும் என்று. என் வீட்டிலும் பெரிதாக வித்தியாசம் இல்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே உப்புச் சாடி இருந்தது.

உப்பில் சேர்ப்பது பொற்றாசியம் அயடேற்று. அது உப்புப் பரலின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அலசினால் முதலில் போவது அதுதான். ஈரமும் வெப்பமும் வெளிச்சமும் பட்டால் நாட்செல்லச் செல்லக் குறையும். கொதிக்கும் கறியில் ஆரம்பத்திலேயே போட்டு நீண்டநேரம் வேகவைத்தால் இன்னும் கொஞ்சம் போகும்.

2025இல் வந்த உப்புத் தட்டுப்பாடு உங்களுக்கு நினைவிருக்கும். மழையால் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விளைச்சல் கெட்டு, இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்யும் நிலை வந்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்துக் கடைகளில் பெயரும் திகதியும் இல்லாத பொலித்தீன் பைகளில் உப்பு கட்டி விற்றதைப் பார்த்தேன். உப்பு கிடைத்ததே போதும் என்று நாங்களும் வாங்கினோம். அதில் அயடீன் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வேறு சில பொருட்களைப் பற்றியும் ஒரு சொல். கருவாட்டுக்குப் போடுவது பெரும்பாலும் அயடீன் சேர்க்காத கட்டி உப்பு. களைத்தவுடன் கரைத்துக் குடிக்கும் ஜீவனியில் உப்பும் சீனியும் பொற்றாசியமும் உண்டு, அயடீன் இல்லை. நோன்பு காலத்தில் இங்குள்ள முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடல்பாசி கடலில் விளைந்ததுதான். ஆனால் அது பலமுறை கழுவி அவித்துப் பிரித்தெடுக்கப்பட்டது, ஒரு துண்டில் உள்ள அயடீன் மிகச் சொற்பம். யப்பானியர் சாப்பிடும் கெல்ப் என்ற கடற்தாவரம் இதற்கு நேரெதிர். அதன் ஒரு கிராமிலேயே ஒரு நாளுக்கு உரியதைப் போலப் பல மடங்கு இருக்கலாம். கெல்ப் குளிசைகளில் ஒரு போத்தலுக்கும் இன்னொரு போத்தலுக்கும் அளவு பெரிதும் மாறுவதும் இதனால்தான்.

கூடினால் என்ன?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு வகுத்திருக்கும் உச்ச வரம்பு நாளொன்றுக்கு 600 மைக்ரோகிராம். அமெரிக்காவில் 1,100. என் மருமகன் எடுத்தது 12,500.

ஆரோக்கியமான சுரப்பிக்குத் திடீரென்று அளவுக்கு மீறி அயடீன் கிடைத்தால் அது ஓமோன் செய்வதைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்ளும். 1948இல் வொல்ஃப், சைகொஃப் என்ற இருவர் கண்டறிந்த பாதுகாப்பு ஏற்பாடு இது. ஓரிரு நாளில் சுரப்பி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் சிலருக்குத் திரும்புவதில்லை. அவர்களுக்குச் சுரப்பு குறைந்து, களைப்பும் வீக்கமும் வரும். களைப்புப் போக வாங்கிய குளிசையே களைப்பைக் கொண்டுவரும். வேறு சிலருக்கு, குறிப்பாகச் சுரப்பியில் ஏற்கெனவே கட்டி இருப்பவர்களுக்கு, சுரப்பு தாறுமாறாகக் கூடும். படபடப்பு, நடுக்கம், எடை குறைவு, தூக்கமின்மை வரும். இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும் ஆபத்தும் உண்டு. மருமகன் கொழுப்புக் கரைகிறது என்று மகிழ்ந்த நான்கு கிலோவில் தசையும் கரைந்திருந்தது.

நாடு முழுவதற்கும் நல்லதாக அமைந்த உப்புத் திட்டத்தின் ஆரம்ப வருடங்களில்கூட, இலங்கை மாணவிகளிடையே தைரொயிட்டைத் தாக்கும் எதிர்ப்பொருட்கள் அதிகமாக இருந்ததை ஆய்வாளர்கள் அவதானித்தார்கள். அயடீனைக் கொடுப்பதிலும் அளவு முக்கியம் என்பதற்கு இது சான்று.

அப்படியானால் என்ன செய்வது?

விளையாடுகிற, உடல் உழைக்கிற ஒருவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

உப்பை வாங்கும்போது 'அயடீன் சேர்க்கப்பட்டது' என்ற சொல்லும் திகதியும் உள்ள பைக்கற்றைப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் இறுக்கமாக மூடும் போத்தலில் போட்டு, அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள். ஈரக்கையைப் போடாதீர்கள். அலசாதீர்கள். மண் இருக்கிறது என்று பயமானால் தூள் உப்பு வாங்குங்கள். கறியை இறக்கும் நேரத்தில் உப்புப் போடுங்கள்.

அயடீனுக்காக உப்பை அள்ளிச் சாப்பிடவும் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர் உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். குறைத்துச் சாப்பிடுகிற அந்தக் கொஞ்சமும் அயடீன் உப்பாக இருக்கட்டும்.

வாரத்தில் சில நாட்களாவது கடல்மீன் சாப்பிடுங்கள். சூடையோ கீரியோ பாரையோ, விலைக்கு ஏற்றது போதும். குளத்து மீனில் அயடீன் குறைவு. மீன் சாப்பிடாதவர் முட்டை, பால், தயிரில் கவனம் வைக்கலாம். மூன்றையும் தவிர்ப்பவர், அயடீன் உப்பும் பாவிக்காதவர் என்றால் வைத்தியரிடம் கேட்பது நல்லது. அவர் குளிசை தந்தாலும் அது 150 மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும். போத்தலில் மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் வாங்க வேண்டாம். தைரொயிட் வருத்தம் உள்ளவரோ குடும்பத்தில் அந்த வருத்தம் உள்ளவரோ தாமாக எதையும் தொடங்கவே கூடாது.

களைப்பு நீடித்தால் அயடீன்தான் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு, தூக்கக் குறைவு, தண்ணீர் போதாமை, சாப்பாடு போதாமை எல்லாம் களைப்பைத் தரும். ஓர் இரத்தப் பரிசோதனை சொல்வதை ஒரு முகநூல் விளம்பரம் சொல்லாது.

உண்மையில் அயடீனைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டிய ஆள் மைதானத்தில் இல்லை. கர்ப்பிணித் தாய்க்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை. பாடசாலைப் பிள்ளைகளின் அயடீன் நிலை போதுமானது என்று காட்டிய தேசிய ஆய்வுகள், கர்ப்பிணிகளின் அளவு அந்தளவு திருப்தியாக இல்லை என்பதையும் காட்டின. பந்து விளையாடுகிறவனுக்கு அயடீன் குறைந்தால் அவன் களைப்பான், சரிசெய்யலாம். தாய்க்குக் கடுமையாகக் குறைந்தால் பிள்ளை இழப்பதைப் பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது. இருவருக்கும் உப்பு ஒரே சாடியிலிருந்துதான் வருகிறது.

மருமகன் இப்போது திரும்ப விளையாடுகிறான். அவன் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். சென்ற வாரம் அவன் வீட்டுக்குப் போனபோது அடுப்படித் தட்டில் மூடியிட்ட கண்ணாடிப் போத்தல் ஒன்றைப் பார்த்தேன். ஒரு கணம் எனக்குப் பகீரென்றது. எடுத்துப் பார்த்தேன். உப்பு.